மதிப்பெண் சான்றிதழ் கடல் தாண்டும்போது

மாசி மாதத்தில் ஒரு மாலை, என் அக்கா மகள் பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கையில் பிடித்தபடி மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடலூர் வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் இளங்கலை முடித்தவள். தென் பிரான்சில் சூழலியல் முதுகலை படிக்க விண்ணப்பித்திருந்தாள். உறைக்குள் ஆறு பருவத்து மதிப்பெண் சான்றிதழ்கள், பட்டச் சான்று, நோட்டரி முத்திரையிட்ட நகல்கள் எல்லாம் இருந்தன. பிரச்சினை அவற்றில் இல்லை. அங்கிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ஒவ்வொரு தாளிலும் என்ன படித்தீர்கள், எத்தனை மணி நேரம், அதில் செய்முறை எவ்வளவு என்று தெரிவியுங்கள்.

“மாமா, எண்பத்திரண்டு சதவீதம் வாங்கியிருக்கிறேன். அது போதாதா?” என்று கேட்டாள்.

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். ‘முதன்மைப் பாடம் 7’ என்று ஒரு வரி, அதற்கு எதிரே 78 மதிப்பெண், தேர்ச்சி. அந்தப் பாடத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவன் நான். அதில் தாவர உடற்செயலியல் இருக்கிறது, வாரத்துக்கு இத்தனை மணி செய்முறை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏறத்தாழ எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் பார்ப்பது ஒரு எண், ஒரு முத்திரை, கேள்விப்படாத ஒரு பெயர்.

பல்கலைக்கழகங்களின் சர்வதேசக் கூட்டுறவு, புரிந்துணர்வு ஒப்பந்தம், தரமதிப்பீடு என்று நாளிதழ்களில் வரும் செய்திகளின் அடியில் இருப்பது இந்த ஒரு சிக்கல்தான். முன்பின் தெரியாத ஒருவர் நம் தாளை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை உண்டாக்க நாடுகளும் பல்கலைக்கழகங்களும் பல ஏற்பாடுகளைச் செய்து வைத்திருக்கின்றன. அவற்றில் எது மாணவர் கையில் பயனாக வந்து சேர்கிறது, எது படத்தோடு நின்றுவிடுகிறது என்பதைப் பெற்றோரும் மாணவரும் பிரித்தறிய வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குக் கடலூர், புதுச்சேரியை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

பட்டங்களுக்கு இணைத்தன்மை என்ற பேச்சு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பிரெஞ்சு அரசு 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962-ல்தான் முறைப்படி உறுதியானது. நிலம், குடியுரிமை, நீதிமன்றம், ஓய்வூதியம் ஆகியவற்றோடு அந்த உடன்படிக்கை இன்னொன்றையும் கவனித்தது. பிரெஞ்சு முறையில் படித்துப் பட்டயமோ பட்டமோ பெற்ற இங்குள்ளவர்கள் இந்தியப் பல்கலைக்கழகங்களில் மேலே படிக்கவும் அரசுப் பணிக்குப் போகவும் அவர்களுடைய சான்றுகளுக்கு இணைத்தன்மை தர வேண்டும் என்று எழுதி வைத்தது. இரண்டு நாடுகளுக்கு இடையே ஒரு நிலப்பகுதி கைமாறுகிறபோது, ஒரு மாணவனின் சான்றிதழ் செல்லாக் காகிதம் ஆகிவிடக் கூடாது என்று யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கவலைதான் இந்தத் துறை முழுவதற்கும் வேர்.

இப்போது புழக்கத்தில் இருக்கும் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இவை ஒன்றோடொன்று கலந்து பேசப்படுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கீகாரம் என்பது பட்டம் கொடுக்கச் சட்டப்படி உரிமை இருக்கிறதா என்ற கேள்வி. நம் நாட்டில் அதைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. பார்க்கிறது. தரமதிப்பீடு என்பது அந்த உரிமையை எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வி. கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் 1994-ல் தொடங்கிய ‘நாக்’ அமைப்பு அதைப் பார்க்கிறது; பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளைத் துறை துறையாகத் தேசியத் தரச்சான்று வாரியமான என்.பி.ஏ. பார்க்கிறது. இணைத்தன்மை என்பது அந்தப் பட்டமும் இந்தப் பட்டமும் ஒன்றா என்ற கேள்வி. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதியவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியும். தேர்ச்சி பெற்ற பிறகும், படித்த படிப்பின் பெயர் சற்று மாறியிருந்தால் அரசாணை எண்ணைத் தேடி அலைய வேண்டியிருக்கும். புரிந்துணர்வு ஒப்பந்தம் இந்த மூன்றிலும் சேராது. சேர்ந்து ஏதேனும் செய்யலாம் என்ற விருப்பத்தை இரண்டு நிறுவனங்கள் எழுதிக்கொள்வது அது. பெரும்பாலும் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. பணம் யார் கொடுப்பது, எத்தனை பேர் போவது, படிப்பின் அளவைக் குறிக்கும் கிரெடிட் எப்படி மாறும் என்பதற்குத் தனி ஒப்பந்தம் போட்டால்தான் அது உயிர் பெறும்.

இந்த வேறுபாட்டின் வலியைக் கடலூர் மாவட்டக் குடும்பங்கள் பல அனுபவித்திருக்கின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் நிறுவப்பட்டது. 1979 முதல் தொலைதூரக் கல்வி வழியே வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டில் இருந்த பெண்களுக்கும் பட்டம் பெற வழி திறந்தது. பழம்பெரும் பெயர், பெரிய வளாகம், அரசுச் சட்டம் எல்லாம் உண்டு. ஆனாலும் அதன் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அனுமதி இருந்தது என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி. பொது அறிவிப்பு வெளியிட்டது. பல்கலைக்கழகத்துக்கு உரிமை இருப்பது வேறு, அது நடத்தும் ஒவ்வொரு முறைப் படிப்புக்கும் அனுமதி இருப்பது வேறு என்பதை நல்ல நம்பிக்கையில் பணம் கட்டியவர்கள் அன்றுதான் உணர்ந்தார்கள்.

இனி அந்த எண்பத்திரண்டு சதவீதத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் கல்வி அமைச்சர்கள் 1999 ஜூனில் இத்தாலியின் பொலோனா நகரில் கூடி, 29 நாடுகள் சார்பில் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். இளங்கலை, முதுகலை என்ற படிநிலைகளை எல்லா நாட்டிலும் ஒத்துப்போகச் செய்வது, ஒரு நாட்டில் படித்ததை இன்னொரு நாடு கணக்கில் எடுத்துக்கொள்வது என்பதே அதன் சாரம். அதற்குக் கருவியாக ஐரோப்பிய கிரெடிட் முறை பரவியது. ஒரு முழு ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். மூன்றாண்டு இளங்கலைக்கு 180. ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இங்கே உழைப்பு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்த நேரம், ஆய்வகம், வீட்டில் படித்தது, தேர்வுக்குத் தயாரானது எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

நம் கணக்கு வேறு. நாம் ஆசிரியர் நடத்தும் நேரத்தை வைத்துக் கிரெடிட் போடுகிறோம். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைக்கு ஏறத்தாழ 140 கிரெடிட் வருகிறது. அதே மூன்றாண்டுக்கு தேசியக் கல்விக் கொள்கைச் சட்டகத்தில் 120. ஐரோப்பாவில் 180. மூன்று இடத்திலும் பிள்ளை உட்கார்ந்து படித்த காலம் ஒன்றுதான். ஆனால் தாளில் பார்க்கிறவருக்கு நம் மாணவி குறைவாகப் படித்தது போலத் தோன்றும். கிரெடிட்டை எப்படிக் கணக்கிட்டோம் என்ற விளக்கத்தைச் சான்றிதழின் பின்பக்கத்தில் நான்கு வரியில் அச்சிட்டால் தீரக்கூடிய குழப்பம் இது. அச்சிடாத சான்றிதழ்கள் இன்னும் எத்தனையோ.

பெண்ணையாற்றைத் தாண்டினால் இன்னொரு மாற்றம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தமிழ்நாடு மூன்றாண்டு இளங்கலையைத் தொடர்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2023-24 முதல் தேசியக் கல்விக் கொள்கைப்படியான பாடத்திட்டம் வந்துவிட்டது; விரும்புகிறவர் நான்காம் ஆண்டும் படிக்கலாம். இதில் எது வெளிநாட்டுக்கு உகந்தது என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். போகிற இடத்தைப் பொறுத்தது என்பதே நேர்மையான பதில். பிரான்சிலும் இளங்கலை மூன்றாண்டுதான் என்பதால் நம் பட்டம் கால அளவில் அங்கே பொருந்துகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல முதுகலைக்கு நான்காண்டுப் பட்டத்தை எதிர்பார்க்கின்றன. பிரான்சோடு இந்தியா 2018 மார்ச்சில், அந்நாட்டு அதிபர் மக்ரோன் டெல்லி வந்தபோது, கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்கும் உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டிருக்கிறது. 2030-க்குள் ஆண்டுக்கு 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது அந்நாட்டின் இலக்கு. எங்கள் வீட்டுப் பெண்ணின் பட்டத்துக்கு ஆதாரமாக இத்தனை இருந்தும், ‘முதன்மைப் பாடம் 7’ என்ன என்று யாரும் சொல்லாததால் அவளுடைய விண்ணப்பம் காத்து நின்றது. நாடுகள் வாசலைத் திறந்து வைக்கும். உள்ளே போகிற தாளைத் தயாரிக்க வேண்டியது கல்லூரி அலுவலகம்.

பொறியியல் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். சேர்க்கை நேரத்தில் இதை யாரும் விளக்குவதில்லை. வாஷிங்டன் உடன்பாடு 1989-ல் தொடங்கியது. உறுப்பு நாடுகளின் தரமதிப்பீட்டு அமைப்புகள் சான்றளித்த பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஒத்த தரம் உடையவையாக ஏற்பது அதன் நோக்கம். 2014 ஜூனில் நம் என்.பி.ஏ. நிரந்தர உறுப்பினரானது. எங்கள் கல்லூரிக்கு என்.பி.ஏ. உண்டு, ஆகவே பட்டம் உலகெங்கும் செல்லும் என்று விளம்பரத் தட்டிகள் அதன் பிறகு பெருகின. ஆனால் என்.பி.ஏ.யில் இரண்டு அடுக்கு இருக்கிறது. பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் முதல் அடுக்கில் விண்ணப்பிக்கலாம். தாமாகப் பாடத்திட்டம் வகுக்காத இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கில். முதல் அடுக்கில் சான்று பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே வாஷிங்டன் உடன்பாட்டின் பயன் உண்டு. அதுவும் கல்லூரி முழுவதற்கும் கிடையாது, அந்தக் குறிப்பிட்ட துறைக்கு, அந்தக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு. அது இருந்தாலும் அயல்நாட்டில் பொறியாளராகத் தொழில் செய்ய அந்நாட்டு உரிமம் தனியாக வாங்க வேண்டும். ஆகவே சேரும் முன் கேட்க வேண்டியவை: எந்த அடுக்கு, எந்தத் துறை, எந்த ஆண்டு வரை.

மருத்துவத்தில் நிலைமை வேறு வழியில் தெளிவானது. புதுச்சேரியில் 1823-லேயே பிரெஞ்சு மருத்துவப் பள்ளி இருந்தது. அந்தப் பரம்பரையில் வந்தது இன்றைய ஜிப்மர்; 2008 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். ஆனால் அப்படிப்பட்ட கல்லூரியின் பட்டதாரி அமெரிக்காவில் பயிற்சிக்குப் போக வேண்டுமென்றாலும், அவர் படித்த கல்லூரியை மதிப்பிடும் அமைப்பு உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் ஏற்பைப் பெற்றிருப்பது முக்கியமானது. 2023 செப்டம்பரில் நம் தேசிய மருத்துவ ஆணையத்துக்குப் பத்தாண்டு காலத்துக்கு அந்த ஏற்பு கிடைத்தது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே விண்ணப்பித்துப் பெரும் செலவு செய்ய வேண்டிய தேவை ஒரே நடவடிக்கையில் நீங்கியது. மதிப்பிடுகிறவரையே மதிப்பிடும் இந்த ஏற்பாடு, மாணவருக்கு நேரடியாகப் பயன் தருவதால், எனக்கு நிறைய ஒப்பந்தங்களைவிட மேலானதாகப் படுகிறது.

ஒப்பந்தங்கள் ஏன் இவ்வளவு பெருகின என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை நான் உள்ளிருந்து பார்த்தேன். நாக் மதிப்பீட்டுக்கான படிவத்தில், கடந்த ஐந்தாண்டில் உள்நாட்டு வெளிநாட்டு நிறுவனங்களோடு செயல்பாட்டில் உள்ள ஒப்பந்தங்கள் எத்தனை என்று எண்ணிக்கை கேட்கும் பகுதி இருந்தது. எண்ணிக்கைக்குப் புள்ளி. புள்ளி கூடினால் தரநிலை கூடும்; அப்போது 4-க்கு 3.01 எட்டினால் ‘ஏ’, 3.26-ல் ‘ஏ பிளஸ்’, 3.51-ல் ‘ஏ பிளஸ் பிளஸ்’. நான் வேலை செய்த ஒரு கல்லூரியில் அந்த ஆண்டு கூட்ட அரங்கில் நீல உறைக் கோப்புகள் மேசை மேல் வரிசையாக இருந்தன. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவரும் முதல்வரும் கோப்பை மாற்றிக்கொண்டு புகைப்படக்காரரைப் பார்த்தார்கள். அடுத்த ஐந்தாண்டில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எங்களிடமிருந்து ஒரு மாணவரும் போகவில்லை, அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. விமான டிக்கெட்டுக்கு யார் பணம் தருவது என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதச் சொல்லி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

எண்ணிக்கையைத் துரத்தும் அழுத்தம் இதைவிடப் பெரிய கேடுகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. நல்ல தரநிலை தருவதற்கு லஞ்சம் பெற்றதாக நாக் ஆய்வுக் குழு உறுப்பினர்களை 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. கைது செய்தது. தரமதிப்பீடு நாட்டின் நாணயம் போன்றது. ஓரிடத்தில் கள்ள நாணயம் புழங்கினால் நேர்மையாகச் சம்பாதித்தவர் கையில் உள்ளதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

நிலைத்து நிற்கும் கூட்டுறவு எப்படி இருக்கும் என்று பார்க்க நான் இரண்டு இடங்களுக்கு மாணவர்களை அழைத்துப் போவது வழக்கம்.

ஒன்று, புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டி, செயின்ட் லூயிஸ் தெருவில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு முன்பே, 1955-ல் அது தொடங்கிவிட்டது. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா, கண் மருத்துவம் படித்து இந்தியவியலுக்கு வந்தவர். அங்கே எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. சைவ ஆகமச் சுவடிகளின் தொகுப்பு 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. டி. வி. கோபாலையரும் பிரான்சுவா குரோவும் சேர்ந்து பதிப்பித்த தேவாரத்தின் முதல் தொகுதி 1984-ல் அங்கிருந்து வந்தது. தமிழ் மரபில் ஊறிய ஒரு புலவரும் பிரெஞ்சு ஆய்வு முறையில் தேர்ந்த ஓர் அறிஞரும் ஒரே மேசையில் பாடம் ஒப்பிட்டு உழைத்த பலன் அது. அதே கட்டடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிகள் தாளில் ஒட்டிக் காக்கப்படுகின்றன. தாவரவியல் மாணவர்கள் அந்த அலமாரியைத் திறந்து, காய்ந்த இலையின் நரம்பை லென்ஸில் பார்த்து, கீழே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படிக்கும்போது அவர்கள் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டவர் இங்கே வந்து அமர்ந்ததற்குக் காரணம் இங்கே மட்டும் இருக்கும் பொருள். தங்கி, மொழி கற்று, ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியதாக அந்தப் பொருள் இருந்தது.

இன்னொன்று, வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கே இருக்கிறது. பக்கத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அலையாத்திக் காடுகள் பற்றிய சர்வதேசப் பயிற்சி வகுப்புகளை அந்த மையம் நடத்தியது. பல நாட்டு ஆய்வாளர்கள் எங்கள் மாவட்டத்துச் சேற்றில் இறங்கிக் கற்றார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டை ஒட்டிய 18 மீனவக் குடியிருப்புகளில் காடு இருந்த இடத்தில் சேதம் எப்படி, இல்லாத இடத்தில் எப்படி என்று அந்த மைய ஆய்வாளர்கள் அளந்தார்கள். அது 2005-ல் சர்வதேச இதழில் வந்தது. அதன் புள்ளியியலை மறுத்து வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதே இதழில் எழுதினார்கள், விவாதம் தொடர்ந்தது. கடலூர் கடற்கரையின் மரங்களையும் சேதத்தையும் வைத்து, டென்மார்க்கும் இந்தியாவும் உள்ளிட்ட பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை அதே ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. நம் ஊர் ஆய்வை உலகம் படித்து, சோதித்து, எதிர்வாதம் செய்தது. பொன்னாடையைவிட எனக்கு இது பெரிய மரியாதையாகத் தெரிகிறது.

இவற்றை வைத்துப் பார்க்கும்போது, மாவட்டக் கல்லூரிகள் தரவரிசையில் முன்னணியில் இருக்கும் பெயரைத் தேடி ஓடுவதை விட, தங்களிடம் இருப்பதைப் பட்டியலிடுவதிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியின் நிலத்தடி நீர், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் படுகை, பண்ருட்டிப் பலாவும் முந்திரியும், திருப்பாதிரிப்புலியூர்க் கல்வெட்டு என்று எத்தனையோ ஆய்வுப் பொருள் எங்கள் வாசலில் இருக்கிறது. இவற்றில் ஒன்றை நாலைந்து ஆண்டு ஒழுங்காக அளந்து வைத்திருக்கும் ஒரு துறைக்கு, அதே கேள்வியோடு இருக்கும் அயல்நாட்டு ஆய்வகம் தானாகவே கடிதம் எழுதும்.

பட்டப் படிப்பிலேயே கூட்டு வைக்க விரும்பினால் யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகள் மூன்று வழி சொல்கின்றன. ஒன்று, இந்தியக் கல்வி நிறுவனமே பட்டம் தரும். மாணவர் 30 சதவீதம் வரை கிரெடிட்டை வெளிநாட்டில் படிப்பார். அடுத்தது கூட்டுப் பட்டம். ஒரே சான்றில் இரண்டு பெயர், ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 30 சதவீதம். மூன்றாவது இரட்டைப் பட்டம். இரண்டு நிறுவனமும் தனித்தனியே பட்டம் தரும். இந்த மூன்று வழிக்கும் இங்குள்ள நிறுவனத்துக்கு நாக் மதிப்பெண் 3.01 அல்லது தேசியத் தரவரிசையில் பல்கலைக்கழகப் பிரிவில் முதல் நூறில் இடம் போன்ற தகுதி வேண்டும். எதிர்ப் பக்கம் உலகத் தரவரிசையில் முதல் ஆயிரத்துக்குள் இருந்தால் தனி அனுமதி இல்லாமலேயே தொடங்கலாம். பெயரை மட்டும் கடன் வாங்கி நடத்தும் ஏற்பாடுகளுக்கு இந்த விதிமுறைகளில் இடமில்லை. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இங்கே இணைத்தன்மை தருவதற்கு 2025 ஏப்ரலில் யு.ஜி.சி. வெளியிட்ட விதிமுறைகளும் அப்படிப்பட்ட பட்டங்களை ஏற்காது. இங்கேயே படித்து வெளிநாட்டுப் பட்டம் வாங்கலாம் என்று யாராவது துண்டறிக்கை கொடுத்தால், மேற்சொன்ன மூன்றில் இது எந்த வகை என்று கேளுங்கள்.

அக்கா மகளின் கதைக்கு வருகிறேன். மறுநாள் காலை அவளோடு அவள் படித்த கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவர் என் பழைய மாணவி. அவளும் நானும் எங்கள் வீட்டுப் பெண்ணும் ஆய்வக மேசையில் உட்கார்ந்து, அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பத்தி எழுதினோம். வகுப்பு மணி, செய்முறை மணி, செய்த சோதனைகளின் பெயர்கள், கிரெடிட் கணக்கிட்ட முறை. செய்முறைப் பதிவேட்டைப் புரட்டி அவளே தேதிகளைச் சரிபார்த்தாள். ஒன்றரை நாள் ஆனது. பதினோரு பக்கம் வந்தது. முதல்வர் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வைத்தார்.

“சார், இதன் ஒரு பிரதியைத் துறையில் வைத்துக்கொள்கிறோம். இனி வருகிற ஒவ்வொரு ஆண்டு மாணவர்களுக்கும் நாங்களே தயாரித்துவிடுவோம்” என்றாள் துறைத் தலைவர்.

வைகாசியில் சேர்க்கைக் கடிதம் வந்தது. அதற்குள் அதே பதினோரு பக்கத்தின் நகலைக் கேட்டு அந்தத் துறையின் பழைய மாணவர்கள் நான்கு பேர் வந்துவிட்டார்கள்.